குரூப்பில் போட்டாயிற்று என்றால் போதாது: படுவான்கரை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும், வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போடுவது, போட்டோக் கொப்பி எடுப்பது, போனில் வந்ததை அச்செடுத்துக் கொடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். நீங்கள் பெற்றோருக்கு அனுப்பும் செய்திகள் பல என் மேசைக்கு வந்துதான் வீட்டுக்குப் போகின்றன. அவை எந்த நிலையில் போய்ச் சேருகின்றன என்பதை அனுப்புகிற நீங்கள் பார்க்க வாய்ப்பில்லை. நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய வட்ஸ்அப் குரூப், இன்று பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே வழியாகிவிட்டது. குரூப் இருக்கட்டும். ஆனால் அதை ஒரே வழியாக வைத்திருக்காதீர்கள்.

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். அடுத்த கிழமையே, 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு, நாடு முழுக்க ஊரடங்கு. அந்த நாட்களில் நீங்கள் செய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இடாப்பில் இருந்த இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்து, வேலை செய்யாத இலக்கத்துக்குப் பக்கத்து வீட்டாரைப் பிடித்து, ஒரு வகுப்பை ஒரு போனுக்குள் கொண்டுவந்தீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற பாட இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சியில் பாடம் சொல்லிக் கொடுக்கக் குருகெதர வந்தது, நெனச வந்தது. ஆனால் ‘எங்கட ரீச்சர்’ சொன்னால்தான் பிள்ளை கொப்பியைத் திறக்கும். அந்த ரீச்சர் குளக்கட்டில் நின்று சிக்னல் பிடித்து, சொந்தக் காசில் டேட்டா போட்டுப் பாடம் அனுப்பினார். பதுளைப் பக்கம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னலுக்காக மலைப்பாறை ஏறிய செய்தியை உலகமே பார்த்தது. உன்னிச்சையிலும் தாந்தாமலைப் பக்கமும் அப்படி நின்றவர்களை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். 2021 ஜூலை 12இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகின. இத்தனை நாளும் இந்த டேட்டாவுக்கு யார் காசு கட்டினார்கள் என்று கடைக்கு வந்த பெற்றோர் சிலர் அப்போதுதான் யோசித்தார்கள்.

அந்த ஆண்டு ஒக்டோபர் 21இல் இருந்து பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. அடுத்த ஆண்டு எரிபொருள் இல்லாமல் மறுபடி தடைப்பட்டபோது குரூப்தான் மறுபடி கைகொடுத்தது. அப்புறம் எல்லாம் வழமைக்கு வந்தது. பிள்ளைகள் தினமும் வகுப்பில் உங்கள் முன்னால் வந்து இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இன்னமும் இரவில் போனுக்குத்தான் அனுப்புகிறோம்.

முன்பு ஒரு அறிவித்தல் என்றால் கரும்பலகையில் எழுதி, பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி, அடுத்த நாள் நீங்கள் பார்ப்பீர்கள். கையெழுத்து இல்லாத பிள்ளையை எழுப்பிக் கேட்பீர்கள். செய்தி சேர்ந்ததா இல்லையா என்று பார்ப்பது பாடசாலையின் வேலையாக இருந்தது. இப்போது அதைத் தேடி எடுப்பது பெற்றோரின் வேலையாகிவிட்டது. இப்படி மாற்றவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை, எந்தக் கூட்டத்திலும் தீர்மானிக்கவில்லை. மெல்ல மெல்ல நடந்துவிட்டது.

போன தவணையில் தாந்தாமலைப் பக்கமிருந்து ஒரு அம்மம்மா பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். சீலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி ஒரு மூலையில் இருந்து மறு மூலைவரை வெடித்திருந்தது. “ரீச்சர் என்னமோ போட்டிருக்காவாம் மனே, புள்ள அழுகுது. என்ன எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு” என்றார். போனில் இடம் நிரம்பிக் கிடந்தது. குரூப்பைத் திறந்தால் பூங்கொத்து, காலை வணக்கம், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு இருபது முப்பது வாழ்த்து. அவற்றைத் தள்ளித் தள்ளிக் கீழே போனால் ஒரு படம், மங்கலாக. தரவிறங்கவில்லை, ஏனென்றால் இடம் இல்லை. பழைய வீடியோக்களை அழித்துவிட்டுத் திறந்தேன். கையால் எழுதிய ஒரு தாளைச் சரித்துப் பிடித்து எடுத்த படம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு திகதிக்கு முன்னர் என்று எழுதியிருந்தது. அந்தத் திகதி முதல் நாளே முடிந்துவிட்டது.

என் போனில் இருந்து அந்த ரீச்சருக்கு எடுத்தேன். “குரூப்பில போட்டிருந்தன் தானே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னதும் நாளைக்குக் கொடுத்துவிடச் சொன்னார், நல்ல மனிசி. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரியை அதற்கு முன்னும் பின்னும் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். ரீச்சருக்கு வேலை அங்கே முடிந்துவிட்டது. அம்மம்மாவுக்கு அங்கேதான் தொடங்கியது: பஸ் காசு, அரை நாள், அழுகிற பிள்ளை.

அந்த வீட்டில் தாய் குவைத்தில். படுவான்கரையில் இது புதினமில்லை. இங்கே பல வகுப்புக் குரூப்களில் இருக்கிற இலக்கம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் தாயுடையதுதான். நீங்கள் இரவு 9 மணிக்கு “நாளை வெள்ளை உடையில் வரவும்” என்று போடுகிறீர்கள். குவைத்தில் அப்போது மாலை 6.30. அவர் சமையலறையில் நிற்பார், போன் கையில் இருக்காது. வேலை முடித்து 11 மணிக்குப் பார்த்தால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அந்த நேரத்தில் இமோவில் எடுத்து எழுப்பி, “வெள்ளை உடுப்புத் தோய்ச்சுக் கிடக்கா?” என்று கேட்கிறார். பிள்ளை ஒரு பக்கம், செய்தி ஒரு பக்கம், நடுவில் ஒரு கடல். அந்தத் தாய் அதையும் செய்கிறார். ஆனால் ‘பிள்ளையின் அம்மா குரூப்பில் இருக்கிறார், பார்த்திருக்கிறார்’ என்று போனில் தெரிவதை வைத்து, வீட்டுக்குச் செய்தி சேர்ந்துவிட்டது என்று முடிவெடுக்க முடியாது.

இரவுச் செய்தி இங்கே இருக்கிறவர்களுக்கும் பாரம்தான். கச்சக்கொடி சுவாமிமலை மாதிரி எல்லைக் கிராமங்களில் இருட்டினால் யானை. இரவு 10 மணிக்கு “நாளை காலை அட்டையும் வர்ணத் தாளும் கட்டாயம்” என்று வந்தால் அந்தத் தகப்பன் எங்கே போவார்? காலையில் கடை திறக்க முதலே வந்து நிற்பார். கிடைத்தால் பிள்ளை பிந்திப் போகும், கிடைக்காவிட்டால் அன்றைக்குப் போகாது. வெறுங்கையோடு போய் எழும்பி நிற்பதைவிட வீட்டில் நிற்கலாம் என்று பிள்ளைகள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். வரவு குறைகிறது என்று கவலைப்படும் அதிபர்கள் இதையும் ஒருக்கா யோசிக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தில் உங்களுக்கும் ஓய்வில்லை என்பது தெரியும். முன்பு பெற்றோர் உங்களைக் காண வேண்டுமென்றால் பாடசாலைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் கோயிலில் காணவேண்டும். இப்போது இரவு 11 மணிக்கு, “ரீச்சர், 14ஆம் பக்கமா 41ஆம் பக்கமா?” என்று வொய்ஸ் வருகிறது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை 6 மணிக்குப் பிறகு குரூப் வாய்மூடட்டும். வெள்ளம், புயல், மரணம் தவிர வேறு எதுவும் காலைவரை பொறுக்கும். நாளைக்குத் தேவையான பொருளை நாளைக்கு முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் இரவில் போட வேண்டிய தேவையே வராது.

அச்சுச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் எனக்கு வருமானம் இருக்கிறது, இருந்தும் சொல்கிறேன். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே நிறுத்தினார்கள். அந்த ஆண்டுதான் மாதிரி வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் பீடிஎஃப் ஆகக் குரூப்புக்கு வந்து, அங்கிருந்து என் கடைக்கு வரத் தொடங்கின. பாடசாலையிடம் தாள் இல்லை, அது நியாயம். ஆனால் தாள் வந்த பிறகும் அந்த வழமை போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் போன் கட்டணமும் 20 சதவீதம் கூடியது. இன்று ஒரு பக்கம் அச்செடுக்க 20 ரூபாய் வாங்குகிறேன். எட்டுப் பக்க வினாத்தாள் 160 ரூபாய். புலமைப்பரிசில் வகுப்பில் ஒரு பிள்ளை, சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை இருக்கிற கூலிக்காரருக்குக் கிழமைக்கு இப்படி எத்தனை வரும் என்று கணக்குப் பாருங்கள். சில தாய்மார் முதல் இரண்டு பக்கம் போதும் என்று சொல்லி எடுத்துப் போகிறார்கள். பாடசாலையில் நாற்பது பிரதியாகச் சேர்த்து எடுத்தால் எந்தக் கடையிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். நானும் அப்படித்தான் கொடுப்பேன். இது ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சுமக்க வேண்டிய செலவல்ல.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் கிழமைக்குக் கிழமை வருகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்புகிறீர்கள். உங்கள் கணினியில் அழகான தமிழ். பெற்றோரின் போனில் பாமினி இல்லை, அதனால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் முற்றுப்புள்ளியுமாகக் கலைந்து தெரியும். வைரஸ் வந்துவிட்டதென்று பயந்து அழித்துவிடுகிறார்கள். கோப்பை யூனிகோடில் தட்டுங்கள், அல்லது பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். இரண்டு வரிச் செய்திக்கு அதுகூட வேண்டாம். படம் எடுக்காமல், கோப்பு வைக்காமல், நேரே எழுத்தாகவே போடுங்கள். சிக்னல் ஒரு கோடாக இருந்தாலும் எழுத்து வந்து சேரும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அதையே எஸ்எம்எஸ் ஆகவும் அனுப்பலாம்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தமானது.

தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுகிறார்கள். எல்லாப் பாடசாலையிலும் இல்லை, ஆனால் பல இடத்தில் நடக்கிறது. நாற்பது பிள்ளைகளின் பெயர், பாடத்துக்குப் பாடம் புள்ளி, கூட்டுத்தொகை, நிலை. முதல் மூன்று பெயருக்கு மஞ்சள் பூசியிருக்கும். கீழே கைதட்டும் படங்கள், “வாழ்த்துகள் செல்லம்” என்று வரிசையாக. கடைசியில் நிற்கிற பெயரைப் பற்றி யாரும் எதுவும் எழுதுவதில்லை, ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையின் தாய் பார்க்கிறார், தாயோடு மாதர் சங்கத்தில் இருக்கிற பெண்கள் பார்க்கிறார்கள், அந்த வகுப்பில் பிள்ளை இல்லாத உறவினர்களுக்கும் ஸ்கிரீன் சொட் போகிறது. முன்பு தேர்ச்சி அறிக்கை மடித்த அட்டையாகக் கையில் வந்தது. தகப்பன் திறந்து பார்த்து, ஏசினாலும் தேற்றினாலும் அது வீட்டுக்குள்ளே முடிந்தது.

ஒரு தகப்பன் அந்தப் பட்டியலோடு என்னிடம் வந்தார். தன் மகனின் வரியை மட்டும் வெட்டி அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளின் புள்ளி தன் வீட்டுக்கு வரக்கூடாது என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. எது யாருக்குச் சொந்தம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு எல்லாப் பாடசாலைகளிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் வந்திருக்கிறது. சட்டம் பேசி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. ஒரு பிள்ளையின் புள்ளி அந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டுக்கும் மட்டும்தான். அதைத் தனியாகக் கையில் கொடுங்கள். இதைத் தயவாகக் கேட்கவில்லை, கட்டாயம் நிறுத்துங்கள் என்றே சொல்கிறேன்.

தாய்மாரின் போன் இலக்கங்களும் அப்படித்தான். ஒரு குரூப்பில் சேர்த்த உடனே அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் இலக்கம் தெரியும். கணவன் வெளிநாட்டில் இருக்கிற இளம் தாய்மாருக்கு அறிமுகமில்லாத இலக்கங்களில் இருந்து இரவில் அழைப்பு வந்து, சிம்மை மாற்றித் தரச்சொல்லி வருகிறார்கள். சிம்மை மாற்றியதும் குரூப்பில் இருந்து போய்விடுகிறார்கள். மறுபடி சேர்த்தாலும் இடையில் போன செய்திகள் அவர்களிடம் இல்லை. வட்ஸ்அப்பிலேயே ‘கொம்யூனிட்டி’ என்று ஒரு வசதி 2022இல் இருந்து இருக்கிறது. அதன் அறிவித்தல் பகுதியில் அட்மின்தான் எழுத முடியும், மற்ற உறுப்பினர்களுக்கு ஒருவர் இலக்கம் ஒருவருக்குத் தெரியாது. காலை வணக்கப் பூங்கொத்துத் தொல்லையும் அதோடு தீரும். எப்படி அமைப்பது என்று தெரியாவிட்டால் வாருங்கள், பத்து நிமிட வேலை, காசு வேண்டாம்.

உங்களில் பலர் கவனிக்காத இன்னொரு வசதியும் உண்டு. குரூப்பில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவலைத் திறந்தால், யார் வாசித்தார்கள், யாருக்கு வந்து மட்டும் கிடக்கிறது என்று பெயர் பெயராகக் காட்டும். இரண்டிலும் பெயர் இல்லாதவருக்கு இன்னும் சேரவே இல்லை. அவசரமான செய்தி என்றால் மறுநாள் காலை அதை ஒருக்காப் பாருங்கள். வழமையாக நாலைந்து பெயர்தான் மிஞ்சும். அந்த நாலைந்து பிள்ளைகளை வகுப்பில் எழுப்பிச் சொல்லிவிடலாம், கொப்பியில் எழுதி விடலாம். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகளாகத்தான் இருக்கும், இரண்டு கிழமையில் உங்களுக்கே மனப்பாடமாகிவிடும்.

இந்த ஒரே வழி அறுந்த நாட்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டக்களப்பே தேடிக்கொண்டிருந்தபோது, அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2021 ஒக்டோபர் 4 இரவு உலகம் முழுக்க வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செயலிழந்தன. 2022 ஏப்ரல் 3இல் அரசு மறுபடி முடக்கியது. இவை எல்லாம் சில மணித்தியாலம் அல்லது சில நாட்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை மாரி. 2024 நவம்பர் 25இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. வெள்ளத்தால் 27ஆம் திகதியில் இருந்து நிறுத்தினார்கள். முதலில் மூன்று நாள் என்றார்கள், பிறகு நீடித்து டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கினார்கள். அந்தக் கிழமையில் கரண்ட் இல்லாத வீடுகளில் போன் செத்துக் கிடந்தது. கடையில் ஜெனரேட்டர் போட்டபோது சார்ஜ் ஏற்ற வந்த பிள்ளைகளின் முதல் கேள்வி, “அண்ணன், சோதினை எப்பவாம்?” என்பதுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் அதே பரீட்சை இடையில் நின்றது. அடுத்த மாரியும் வரும்.

அந்த நாட்களில் வதந்திதான் முதலில் ஓடும். போன ஆண்டு வந்த ‘பாடசாலை விடுமுறை’ கடிதத்தின் படம் இந்த ஆண்டும் சுற்றும், ஏனென்றால் அதில் ஆண்டு தெளிவாக இல்லை. கொரோனாக் காலத்தில் வதந்தி எல்லை மீறிப் போனதால் 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் நிறுவனமே, பல தடவை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அது மட்டும் போதாது. நீங்கள் போடும் ஒவ்வொரு அறிவித்தலிலும் பாடசாலையின் பெயர், வகுப்பு, நாள், மாதம், ஆண்டு எழுதுங்கள். ‘நாளை’ என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்து அதைத் திறக்கிறவருக்கு எந்த நாளை என்று தெரியாது.

ஒலிபெருக்கி இன்னும் இருக்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்தபோதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஓட்டோவில் மைக் கட்டித்தான் ஊரூராக அறிவித்தார்கள். கோயில்களிலும் அறிவித்தல் சொன்னார்கள். வட்ஸ்அப்பிலும் போட்டார்கள், ரோட்டிலும் சொன்னார்கள். ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்ச் சொன்னார்கள். இன்றும் ஊரில் ஒரு மரணம் என்றால் வட்ஸ்அப்பில் படம் வருகிறது, ஓட்டோவும் வருகிறது. செத்த வீட்டுக்கு யாரும் தெரியாமல் வராமல் இருந்துவிடக்கூடாது என்று ஊர் அவ்வளவு கவனமாக இருக்கிறது. பரீட்சைத் திகதி மாறியதற்கும் அந்தக் கவனம் வேண்டும். கோயில் நிருவாகத்தோடும் கிராம உத்தியோகத்தரோடும் அதிபர்கள் முதலே ஒரு வார்த்தை பேசி வைத்தால் மாரியில் ஓடித்திரிய வேண்டியதில்லை.

குரூப் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடசாலைக் கேற்றுக்குள் வரவே கூச்சப்பட்ட தாய்மார் எத்தனை பேர் இன்று ரீச்சரோடு நேரே பேசுகிறார்கள்! கட்டாரில் இருக்கிற தகப்பன் பெற்றோர் கூட்டத்தில் போனில் இருந்து கேள்வி கேட்டதை நான் பார்த்தேன், பக்கத்தில் அவருடைய மகள் பெருமையோடு நின்றாள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாமார் வொய்ஸைப் போட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்கிறார்கள். ஒரு தமிழ் ரீச்சர் செய்யுள்களை ராகத்தோடு வாசித்து வொய்ஸில் அனுப்புவார். அதைக் கேட்கத் தன் பிள்ளை மட்டுமில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்துகிறார்கள் என்று ஒரு தாய் சொன்னார். அறிவித்தலையும் அப்படி வாயால் சொல்லி அனுப்புங்கள், எழுத்தோடு சேர்த்து. அரை நிமிடம் போதும். வாசிக்கத் தெரியாதவரும் கேட்பார், போனை அடுத்தவரிடம் நீட்ட வேண்டியதில்லை. கொரோனா தந்த நல்ல பழக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், இதை விட்டுவிடாதீர்கள்.

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இவற்றை ஒவ்வொரு ஆசிரியரின் நல்ல மனதுக்கும் விட்டுவிட்டால் மனமுள்ள இடத்தில் நடக்கும், மற்ற இடத்தில் நடக்காது. ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். குரூப்பில் போடுவது கொப்பியிலும் பலகையிலும் வரவேண்டும். மாலை 6 மணிக்குப் பிறகு அவசரம் தவிர வேறெதுவும் போகக்கூடாது. புள்ளிப் பட்டியல் குரூப்புக்கு வரக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் மற்றவை தாமாக வரும். ஆசிரியர்களுக்கு இது மேலதிக வேலை என்று சிலர் சொல்லலாம். பிள்ளை தன் கையால் கொப்பியில் எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போகும். இரவு வருகிற அழைப்புகளில் மிச்சமாகும் நேரம் அதைவிடக் கூட.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். கடையின் முன்கண்ணாடியில் பாதியை ஒதுக்கிவிட்டேன். பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கத்துப் பாடசாலைகள் எதுவானாலும், அறிவித்தலை எனக்கு அனுப்பினால் பெரிய எழுத்தில் அச்செடுத்து அன்றைக்கே ஒட்டுவேன், காசு இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாசிப்பார்கள். மற்றச் சந்திகளில் இருக்கும் கொமினிகேசன்காரர்கள் சிலரோடும் பேசியிருக்கிறேன், ஓம் என்றிருக்கிறார்கள். மாலை 6 மணிக்கு முதல் அனுப்புங்கள், 8 மணிக்குக் கடை பூட்டிவிடும்.

இப்படிக்கு,
கொமினிகேசன் கடைக்காரர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.